ஏழாம் குழி

2019 நவம்பர் 18, திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஹைதராபாத் மெட்டுகுடாவில் குழாயில் தண்ணீர் வரும் நாள். இரண்டு டிரம்மும் நிறைந்தன. இட்லி நான்கு, தக்காளிச் சட்னி. ஏழு பத்துக்குத் தெருமுனையில் கம்பெனி வேன். எட்டேகாலுக்கு ஜீடிமெட்லா ஆய்வுக்கூடம். எட்டரைக்கு நான்கு ஃப்ரீசர்களின் குளிரைக் குறித்தேன்: மைனஸ் எழுபத்தொன்பது, எண்பது, எண்பது, எழுபத்தெட்டு. ஒன்பது மணிக்கு மேடம் வந்தார். பத்து மணிக்கு உறை திறப்பதாக ஏற்பாடு.

டைரியில் அன்றைய பக்கம் அதுவரைக்கும் மற்ற நாட்களைப் போலத்தான் இருக்கிறது. மிச்சத்தை எழுத அன்று இடம் போதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மேடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேபிஸ் கிருமியை ஆராய்ந்தவர். தடுப்பூசி போட்ட உடம்பு அந்தக் கிருமியை எத்தனை நாள் ஞாபகம் வைத்திருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. பதினான்கு வருடம் அவருடைய ஆய்வுக்கூடத்தில் நான் மாதிரிகளுக்குப் பொறுப்பாளன். ரத்தம் எடுப்பது, பிரிப்பது, சீட்டு ஒட்டுவது, ஃப்ரீசரில் அடுக்குவது, ரிஜிஸ்டரில் ஏற்றுவது என் வேலை.

குள்ளம். கத்தரித்த தலைமுடி. காட்டன் புடவைக்குக் கீழே எப்போதும் ஓடுகிறவர்கள் போடும் ஷூ. கை கழுவும்போது வாய்க்குள் ஒன்றிலிருந்து நாற்பது வரை எண்ணுவார். யாராவது நடுவில் பேசினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். பேசினவர் அங்கேயே நிற்க வேண்டும்.

கோயம்புத்தூர்க்காரர். வாயைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு 'ங்க'. எங்கள் குடும்பம் ரயில்வே வேலைக்காக வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிறது. எங்கள் தமிழில் பாதி தெலுங்கு, கால்வாசி தக்கனி உருது. மரியாதை எங்கேயோ வழியில் உதிர்ந்துவிட்டது. அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "ரொம்ப மரியாதையான அம்மா" என்று வீட்டில் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை அவர் என் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "ஏனுங்க, இதைக் கை எழுதியிருக்குது, சரிங்க. தலை அப்ப எங்கீங்க போயிருந்துச்சு?" என்று கேட்டார். குரல் உயரவே இல்லை. அவருடைய ஊரில் எல்லாரும் எல்லாரிடமும் அப்படித்தான் பேசுவார்கள், அந்த 'ங்க'வில் தனியாக ஒன்றுமில்லை என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. ஹைதராபாத் தமிழர்களில் அவரிடம் வந்த எல்லாரும் செய்த தவறு அது.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்: தெரிந்ததைச் சொல்லமாட்டார். நம்மைப் பற்றியே அவருக்கு ஒன்று தெரிந்திருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

லாவண்யா என்று ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். வரங்கல் பெண். அவள் வளர்த்த செல்களில் பூஞ்சை விழுந்துவிட்டது. மேடம் ஒரு திங்கட்கிழமை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார், நகர்ந்துபோனார். அந்தப் பெண் பதினோரு நாள் அந்தச் செத்த செல்களுக்குச் சத்துநீர் மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமைகூட வந்தாள். கடைசியில் அவளே கண்டுபிடித்து அழுதபோது மேடம், "பதினோரு நாளுங்க. இனி வாழ்நாளுக்கும் முதல் நாளே பார்ப்பீங்க" என்றார்.

இன்னொரு நாள். ஆய்வுக்கூடத்துக்குள் மொபைல் எடுத்துப்போகக் கூடாது என்பதால் லாவண்யாவின் வீட்டிலிருந்து ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று செய்தி. பகல் ஒன்று நாற்பது. மேடம்தான் எடுத்தார், நானும் அங்கே இருந்தேன். லாவண்யா உள்ளே செல் வளர்த்த பிளேட் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன். மேடம் ஒரு விரலை உயர்த்தி என்னை உட்கார வைத்தார். நான்கு மணிக்கு அவள் வெளியே வந்து ஷூ மாற்றின பிறகு சொன்னார். அவள், "எப்புடு, மேடம்? எப்ப வந்தது போன்?" என்று கத்தினாள்.

"மத்தியானமுங்க. உங்க ரயிலு அஞ்சரைக்குத்தானுங்க. இடையில நீங்க அழுதுட்டு இருந்திருப்பீங்க, பிளேட்டும் போயிருக்கும். இப்ப பிளேட்டும் இருக்குது, ரயிலும் இருக்குதுங்க."

கணக்கு சரிதான். அவருடைய கணக்கில் யாரும் தவறு கண்டுபிடித்ததில்லை. அப்பா பிழைத்தார். லாவண்யா அந்த வருடமே வேறு இடத்துக்குப் போய்விட்டாள். நான் டைரியில் எழுதினேன்: "போன் 1.40. சொன்னது 4.05." நானும்தான் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதவில்லை.

இனி ஏழுமலை. எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் இருந்தவன். கிருமி ஏற்றிய எலிகள் இருக்கும் எலி அறை அவனுடைய பொறுப்பு. பதினெட்டு வருடம் காண்டிராக்ட் வேலை. 2020 ஏப்ரலில் நிரந்தரமாக்குவதாக எழுத்தில் கொடுத்திருந்தார்கள். முரட்டுக் கைகள். ஆனால் எலி அவன் உள்ளங்கைக்கு வந்தால் அப்படியே அடங்கிவிடும். எல்லாரும் அவனை 'ஏழு' என்றுதான் கூப்பிடுவோம். மேடம் மட்டும் முழுப் பெயர்.

ரேபிஸ் கிருமியோடு வேலை செய்கிற எல்லாருக்கும் சேரும்போதே தடுப்பூசி போட்டுவிடுவார்கள். மறுபடி ஊசி போடாமல் விட்டால் அந்தக் காப்பு ஒரு வருடத்தில் எவ்வளவு தேய்கிறது என்று மேடம் எங்களிடமே பார்க்க நினைத்தார். பன்னிரண்டு பேர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டோம். நான்கு முறை ரத்தம். முடிவு இறுதியில்தான் தெரிவிக்கப்படும் என்று படிவத்தில் தெளிவாகவே இருந்தது. நான் எடுத்துத் தரும் குழாய்களில் பெயர்ச் சீட்டைக் கிழித்துவிட்டு எண் மட்டும் ஒட்டுவது வெளி ஆள். எந்த எண் யார் என்பதை வெளி அலுவலகத்துப் புள்ளியியல்காரர் இரண்டு தாள்களில் எழுதி, இரண்டு உறையில் போட்டு, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்திட்டு, மேடத்துக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் கொடுத்தார். கடைசி ரத்தம் வரைக்கும் இரண்டையும் திறக்கக் கூடாது. என்னுடையது என் மேஜையின் இரண்டாம் இழுப்பறையில் பூட்டியிருந்தது.

மார்ச்சில் இரண்டாவது ரத்தம். சோதனை இப்படி: பிளேட்டில் வரிசையாகச் சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய ரத்தத்தில் பிரித்த சீரத்தையும் கிருமியையும் கலந்து செல்களின் மேல் விடுவோம். ரத்தத்தில் காப்பு இருந்தால் குழி இருட்டாக இருக்கும். இல்லையென்றால் கிருமி செல்லுக்குள் புகுந்து, விளக்கில் பச்சைப் பொட்டுகளாக மின்னும். அன்று பதினோரு குழிகள் இருட்டு. ஏழாம் குழி முழுக்கப் பச்சை. பட்டில் வைத்த ஜரிகை மாதிரி அழகாகக்கூட இருந்தது.

நான்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். எலி அறையிலிருந்து ஏழுமலை வெளியே வந்தான். "இன்னாண்ணா, எல்லாரும் எழவு வீடு மாதிரி நிக்கிறீங்கோ?" என்றான்.

"உன் நம்பர்தான்டா வந்திருக்கு. ஏழு காலி."

அங்கே இருந்த மற்றவர்கள் தெலுங்கும் இந்தியும் பேசுகிறவர்கள். அவர்களுக்கு அது ஏடு, சாத். பெயரும் எண்ணும் ஒன்றாகிப்போனது எங்கள் மூவருக்குத்தான் கேட்டது. ஏழுமலை சிரித்தான். "ஹவ், பேரே வெச்சிட்டாங்களே" என்று தக்கனியில் ஆமாம் போட்டான். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. மேடம் பக்கம் திரும்பினான்.

"மேடம், நானா?"

மேடம் அவனை நிதானமாகப் பார்த்தார். "உறையைத் திறந்தாத்தானுங்க தெரியும்" என்றார். போகும்போது கதவருகே நின்று, "கையுறை ரெண்டு ஜோடி போட்டுக்குங்க, ஏழு" என்றார்.

அன்றுதான் முதன்முதலாக அவரும் அவனை அப்படிக் கூப்பிட்டார். அன்றிலிருந்து அவன் தான்தான் என்று நம்பினான். நாங்களும் நம்பினோம். ஏழு என்று ஒருவன் இருக்கும்போது மற்ற பதினோரு பேரும் எதற்குப் பயப்பட வேண்டும்?

மறுவாரம் அவன் மேடத்திடம் போய் நின்றான். ஒரு ஊசி, ஒன்றே ஒன்று போட்டுக்கொள்கிறேன் என்றான்.

"போட்டா வரிசை கெட்டுப்போகுமுங்க. நவம்பர் வரைக்கும் பொறுங்க."

"வெளிய போட்டுக்கிறேன் மேடம், காந்தி ஆஸ்பத்திரில."

"போட்டா ரத்தத்துல தெரியுமுங்க. தெரிஞ்சா பட்டியல்லயிருந்து எடுத்துருவனுங்க. எலி அறையிலயிருந்தும் எடுக்கோணும். அப்புறம் ஏப்ரல்ல உங்களை நிரந்தரமாக்குறதுக்கு நான் என்னன்னுங்க எழுதறது?"

வெளியே வந்து என்னிடம், "திட்டுனா தேவலைண்ணா. கை கூப்பிக்கினே கழுத்த அறுக்கறா" என்றான்.

ரேபிஸ் வந்தவர்களுக்குத் தண்ணீர் இறங்காது, தொண்டை இழுத்துக்கொள்ளும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஏழுமலை தினமும் காலையில் எலி அறைக்குப் போகும் முன் என் மேஜைக்கு வருவான். என் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி, என் கண் முன்னால் குடிப்பான். தொண்டையில் கை வைத்துக்கொள்வான். நான் ரிஜிஸ்டரைவிட்டு நிமிர்ந்து, "இறங்குச்சா?" என்று கேட்பேன். "இறங்கிச்சுண்ணா." முதல் சில நாள் அது விளையாட்டு. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் டம்ளர் சாய்ந்து, தண்ணீர் சட்டையில் கொட்டிற்று. நான் அப்போதும் "இறங்குச்சா?" என்றுதான் கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பழக்கமாகிவிட்டது.

ஒரு முறை மேடம் அந்தப் பக்கமாக வந்து, அவன் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது எண்ணுகிற மாதிரி உதடு அசைந்தது.

மே 22, புதன்கிழமை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஒரு கிருமிக் குழாய் என் கையிலேயே விரிசல்விட்டு உடைந்தது. மேடம் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. முழங்கையால் என் மார்பில் இடித்துத் தள்ளி, "அக்கட்டப் போ!" என்று கத்தினார். அந்த 'ங்க' இல்லாமல் நான் அவரைக் கேட்டது அந்த ஒரே தடவை. எங்கள் ஊர்த் தெலுங்கில் 'அக்கட' என்றால் அங்கே. கோபத்தில் எனக்குப் புரிய வேண்டுமென்றே தெலுங்கில் விரட்டுகிறார் என்று நினைத்தேன். அது கோயம்புத்தூர்ப் பேச்சே என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சிந்தியதை அவரே துடைத்தார். பிறகு என் இரண்டு கையுறைகளையும் மருந்தில் முக்கி எடுத்து, தண்ணீர் நிரப்பிக் கட்டித் தொங்கவிட்டு, பத்து நிமிடம் நின்று பார்த்தார். சொட்டவில்லை.

என்மேல் நம்பிக்கை இல்லை என்று அன்று டைரியில் எழுதினேன். "பதினான்கு வருடத்துக்குப் பிறகு இந்த மரியாதை" என்றும் எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஆகஸ்டில் ஏழுமலை வேலையை விட்டான். மேடம் அறையில் கடிதத்தை வைத்துவிட்டு, ஏப்ரலுக்கு எட்டு மாதம்தான் இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, "உசுரு இருந்தாதானேண்ணா ஏப்ரல்?" என்றான். மாதாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். மேடம் கடிதத்தைப் படித்து, "கையெழுத்து நல்லாருக்குதுங்க" என்று சொல்லி என்னிடம் கோப்பில் வைக்கக் கொடுத்தார்.

பிறகு ஊரே கிருமியும் தடுப்பூசியும் பேசிய வருடங்களில் அவரை டிவியில் பார்த்தேன். கேள்வி கேட்டவர் தவித்துப்போய், "மக்கள் பயப்படலாமா, வேண்டாமா மேடம்?" என்றார். "பயந்தா கை கழுவுவாங்க. கழுவட்டுமுங்க" என்றார் மேடம். என் மனைவி, "எவ்வளவு மரியாதையாப் பேசறாங்க" என்றாள். நான் சேனலை மாற்றினேன்.

மறுபடி அந்த நவம்பர் 18, பத்து மணி. மேடத்தின் அறை. அன்று காலையில் நான் எடுத்த கடைசி ரத்தக் குழாய்கள் பதினொன்று, ஏழுமலையுடையது இல்லை. மேஜையில் இரண்டு உறைகள். என்னுடையதில் கையெழுத்து முழுசாக இருந்தது. அவருடையதில் ஒட்டிய கோட்டுக்கு மேலும் கீழும் கையெழுத்து ஒரு மயிரளவு விலகியிருந்தது. பசையும் வேறு நிறம்.

"மேடம், உங்க கவர் ஏற்கனவே திறந்திருக்கு."

"ஆமாங்க. மார்ச்லயே திறந்துட்டனுங்க."

"ரூல்?"

"அது உங்களுக்குங்க. ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கோணுமில்லீங்களா? உங்களுதைத் திறங்க."

திறந்தேன். பன்னிரண்டு வரிகள். ஏழாவது வரியில் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. பேனாவை எடுத்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். அதற்குப் பிறகுதான் அது என் பெயர் என்று உறைத்தது.

மேடம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குத்தானுங்க சொல்லலை. எட்டு மாசம் தினம் கிருமியைத் தொட்டிருக்கறீங்க. ஒரு நாள் கை நடுங்கலை. தெரிஞ்சிருந்தா நடுங்கியிருக்குமுங்க."

"ஏழுமலை?"

"மூணுங்க. பன்னெண்டுல அவருக்குத்தான் எல்லாரையும்விட மேல. பதினெட்டு வருஷமா எலிக்கடி வாங்கின ரத்தமுங்க அது. தங்கம்."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலையை விட்டிருக்க மாட்டானே, மேடம்."

"மார்ச்சுக்கு முன்னால அவர் வாங்கின கடி மாசம் ஒண்ணாவது ரிஜிஸ்டர்ல எழுதுவீங்க. அவர் பயந்த பின்னால ஆகஸ்ட் வரைக்கும் ஒண்ணாவது எழுதினீங்களாங்க?" எழுதவில்லை. அவர் கணக்கு அன்றும் சரியாக இருந்தது. "விட்டுட்டுப் போவாருன்னுதான் நான் நெனைக்கலை. அது என் தப்புங்க. இப்ப பன்னெண்டுல ஒண்ணு குறையுதுங்க. இன்னிக்கே போய் ஒரு குழாய் எடுத்துட்டு வாங்க. உங்ககிட்டன்னா குடுப்பாருங்க."

"என் ஊசி?"

"நாளைக்கு ஒன்பது மணிக்குங்க. வாழ்த்துகள், உங்க வரிசை முடிஞ்சுதுங்க."

பனிப்பெட்டியில் ஊசியும் குழாயும் எடுத்துக்கொண்டு மாலை ஐந்தே முக்காலுக்கு மாதாப்பூர் போய்ச் சேர்ந்தேன். நீலச் சீருடையில் ஏழுமலை கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் விசில். இளைத்திருந்தான். "இன்னாண்ணா, ஐஸ் விக்கிறியா?" என்று பெட்டியைப் பார்த்துச் சிரித்தான்.

நின்றபடியே சொன்னேன். ஏழு நீ இல்லை, மூன்று. உனக்குத்தான் எல்லாரையும்விட அதிகம்.

அவன் சிரிப்பு மாறாமல் கேட்டான். "மேடமுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"மார்ச்."

விரல்விட்டு எண்ணினான். மார்ச், ஏப்ரல் என்று ஆகஸ்டுவரை வந்து நிறுத்தினான். அதற்குள் ஒரு கார் ஹாரன் அடித்தது. எழுந்து கேட்டைத் திறந்து, சல்யூட் அடித்து, மூடிவிட்டு வந்தான்.

"ரத்தம் கேட்டு அனுப்பினாங்களா?"

"ஆமாம்."

"நக்கோண்ணா." கைகளைக் கூப்பினான். "ஏழுமலை ரத்தம் குடுக்க மாட்டானுங்க, ரொம்ப மன்னிச்சுக்கோணுமுங்கன்னு சொல்லு." அவருடைய குரலே வந்தது. இருவரும் சிரித்தோம். பிறகு அவன் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தான்.

"அப்ப ஏழு யாரு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உறை இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வைத்திருப்பது எத்தனை சுலபம் என்று அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்தது.

"நான்தான்டா."

நாற்காலிக்குக் கீழேயிருந்து பாட்டிலை எடுத்தான். எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை ஊற்றினான். என் முன்னால் நீட்டினான்.

"குடிண்ணா. பாக்கலாம்."

குடித்தேன். மே மாதத்துக் குழாய் ஞாபகம் வந்தது. கையுறை சொட்டவில்லை. ஆனால் அன்று என் கட்டைவிரலில் காகிதம் கிழித்த ஒரு கோடு இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ரேபிஸ் உடம்புக்குள் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். டம்ளர் பல்லில் பட்டு ஒலித்தது. ஏழுமலை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இறங்குச்சா?" என்றான். நான் கேட்ட அதே குரலில், ரிஜிஸ்டரைவிட்டு நிமிர்ந்த மாதிரி.

காலிக் குழாயோடு வீடு திரும்பினேன். "மூன்று: தரவில்லை" என்று குறித்துக்கொண்டேன். மகள், "ஏமைந்தி நான்னா, டல்லா உன்னாரு?" என்று என் வாட்டத்துக்குக் காரணம் தெலுங்கில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். விளக்கைப் போடுவதற்கு முன், பல் துலக்குவதற்கு முன், சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, தொண்டையில் கை வைத்துக்கொண்டு குடித்தேன். இறங்கியது.